சரக்கு ரயில் மறைத்த ரயில்: ஆலை ஓரப் பாதையில் ஒருவர் மயிரிழையில் தப்பியது பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்கு முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு, ஒரு தோள்பையின் வார் அறுந்தது, அவ்வளவுதான். உயிர் போயிருந்தால் விசாரணையும் அறிக்கையும் தானாக நடந்திருக்கும். ஆள் பிழைத்துக்கொண்டால் இரண்டு நாள் பேச்சோடு விஷயம் அடங்கிவிடும். அப்படி அடங்கிப்போன சம்பவங்கள் இதே இடத்தில் முன்பும் நடந்திருக்கின்றன என்பது விசாரித்தபோதுதான் வெளியே வந்தது. ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். ஆட்களையும் இடத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

ஆலையின் பின்மதிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே இரட்டை ரயில் பாதை போகிறது. இரண்டு தடங்களும் மின்மயமானவை. சாலையோரம் பஸ் நிறுத்தம். பின்வாசலில் நின்றால் நிறுத்தத்தின் கூரை கண்ணுக்கு நேரே தெரியும். குறுக்கே நடந்தால் இரண்டு நிமிடம். முறையான வழி நடைமேம்பாலம். அது ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பதால், ஏறி இறங்கிப் போய்ச் சேர சாதாரண நடையில் பதினொரு நிமிடம் ஆகிவிடும்.

ரயில்வே போட்ட கம்பிவேலியில் ஒரு குறிப்பிட்ட தூணுக்குப் பக்கத்தில் மட்டும் எப்போதும் ஓட்டை இருக்கும். அவர்கள் வந்து அடைத்துவிட்டுப் போவார்கள்; சில வாரத்தில் மறுபடி திறந்திருக்கும். ஓட்டையிலிருந்து தண்டவாளம் வரை புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. ஜல்லிச் சரிவில் ஏறும்போது கால் சறுக்காமல் இருக்க யாரோ ஒரு பலகையைக் கிடத்தி, அது நகராமலிருக்கக் கல் முட்டும் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் என்றோ ஒரு நாள் கடப்பவர் இதையெல்லாம் செய்யமாட்டார். தினமும் கடக்கிறவர்கள் தங்களுக்காகப் பராமரித்துவந்த வழி அது.

ஆலைக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகையில் ‘ரயில் பாதையைக் கடக்காதீர்’ என்று சுற்றறிக்கை ஒட்டுவார்கள். அதைப் படித்துவிட்டு, அதே பின்வாசல் வழியாகத்தான் எல்லோரும் வெளியே போவார்கள்.

சம்பவம் நடந்த மாலை

பகல் ஷிப்ட் ஆறு மணிக்கு முடிந்தது. ஆறு இருபதுக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. ஏறக்குறைய ஆறு பன்னிரண்டுக்கு வேலி ஓட்டைக்கருகே ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஆலைப் பக்கத் தடத்தில் நீளமான சரக்கு ரயில் ஒன்று வலமிருந்து இடமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் அதன் வால் எப்போது வரும் என்பதில்தான்.

கடைசிப் பெட்டி கடந்ததும் முன்னால் நின்றவர் இறங்கினார். நாற்பதைத் தாண்டியவர், பல ஆண்டு அனுபவம் உள்ள இயந்திரப் பணியாளர். அவருக்கு இரண்டடி பின்னால் பேக்கிங் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண். ஆலைப் பக்கத் தடத்தைத் தாண்டி இரு தடங்களுக்கும் இடையில் முன்னால் போனவர் கால் வைத்த நேரத்தில், சாலைப் பக்கத் தடத்தில் இடமிருந்து ஓர் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலின் வால்தான் அதை இத்தனை நேரமும் மறைத்திருந்தது.

ஹாரன் அடித்திருக்கிறார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால், அது முன்னே போன சரக்கு ரயிலின் ஹாரன் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் வந்த பெண்தான் இடப்பக்கம் பார்த்தார். “அண்ணே, நில்லுங்க!” என்று கத்தியபடியே அவருடைய தோள்பையின் வாரைப் பிடித்து இழுத்தார். அவர் மல்லாக்க, தாண்டி வந்த தடத்தின் ஸ்லீப்பர் கட்டை மேலேயே விழுந்தார். கைக்கெட்டும் தூரத்தில் எக்ஸ்பிரஸ் கடந்தது. வார் அறுந்தது அப்போதுதான்.

ஓட்டுநர் அவசர பிரேக் போட்டிருந்தார். ஆனாலும் ரயில் அந்த இடத்தை அரை கிலோமீட்டருக்கு மேல் தாண்டித்தான் நின்றது. ஆளை அடித்துவிட்டோமா இல்லையா என்று தெரியாமல் அவரும் உதவியாளரும் இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த ரயில்கள் நிறுத்தப்பட்டன. ரயில்வே போலீஸ் வந்து தடத்தைக் கடந்தவருக்கு அபராதம் விதித்துவிட்டு, ஆலைக்கும் தகவல் சொன்னார்கள். நடந்த விஷயம் எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

முதல் விசாரணை

மறுநாள் கூட்டத்தில் முதல் கேள்வியே “போன் பேசிக்கிட்டு வந்தாரா?” என்பதுதான். பேசவில்லை. காதில் இயர்போனும் இல்லை. குடித்திருக்கவில்லை. களைப்பு இருந்தது, ஆனால் ஷிப்ட் முடிந்து வருகிற எல்லோருக்கும் இருக்கிற களைப்புதான். இந்தப் பதில்கள் கூட்டத்தில் சிலருக்கு ஏமாற்றமாகவே இருந்தன. ஆள் கவனக்குறைவானவர் என்று எழுதிவிட்டால் கோப்பை மூடிவிடலாம் அல்லவா?

அவர் சொன்ன கணக்கு வேறு. “அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி கிடையாது சார்.” அவர் சொன்னது உண்மைதான், வழக்கமான நாட்களில். அன்று அந்த எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய நாற்பது நிமிடம் தாமதம். பல ஆண்டுகளாகக் கடந்து கடந்து அவர் மனதுக்குள் ஒரு கால அட்டவணையே உருவாகியிருந்தது. அதை நம்பியதால் இடப்பக்கம் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. தாமதமாக வரும் ரயில், சிறப்பு ரயில், தனியாக வரும் இன்ஜின், பராமரிப்பு வண்டி எதுவும் அந்த மன அட்டவணையில் இருக்காது. போதாக்குறைக்கு, தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் ஒரே தடத்தில் வழக்கத்துக்கு எதிர்த்திசையிலும் ரயில் விடுவார்கள்.

மற்றவர்களிடம் தனித்தனியே பேசியபோது, இதே போல மூன்று நான்கு பேர் தப்பிய கதைகள் வெளிவந்தன. ஒருவருடைய செருப்பு தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் இடையே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொருவர் கீழே விழுந்த போனை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறார். யாரும் எங்கேயும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று பயம்.

மேம்பாலத்திலிருந்து பார்த்தது

தடத்தருகே போய் நின்று ஆய்வு செய்யும் யோசனை ஒன்று வந்தது. அதை உடனே தள்ளினோம். அத்துமீறி நுழைவதை ஆராய நாமே அத்துமீறி நுழைவதில் அர்த்தமில்லை. நடைமேம்பாலத்தில் நின்றால் எல்லாம் தெரியும். அங்கிருந்து சில மாலைகள் இரண்டு பேர் பார்த்துக் குறித்தார்கள்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று அங்கே தெரிந்தது. வேலிக்குப் பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் இரு பக்கமும் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஜல்லியில் கால் வைத்ததும் பார்வை காலுக்குப் போய்விடுகிறது. ஜல்லி உருளும், கட்டைகளின் இடைவெளி மனித நடைக்குப் பொருந்தாது; ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 60 சென்டிமீட்டர். காலைப் பார்க்காமல் நடந்தால் கணுக்கால் பிசகும். ஆகவே ஆபத்து அதிகமாக உள்ள அந்தச் சில வினாடிகளில்தான் யாரும் பாதையைப் பார்ப்பதில்லை.

கூட்டமாகப் போகும்போது முதல் ஆள் மட்டும் பார்க்கிறார். இரண்டாமவர் முதல் ஆளின் முதுகைப் பார்க்கிறார், மூன்றாமவர் இரண்டாமவரின் முதுகை. முதல் ஆளுக்குப் பாதுகாப்பாக இருந்த இடைவெளி, பத்து வினாடி கழித்து வரும் ஐந்தாவது ஆளுக்கு இருக்காது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் நிகழ்வில் இரண்டாவது ஆள் தன் கண்ணால் பார்த்தார். அது விதிவிலக்கு.

நேரத்தையும் அளந்தோம். இடப்பக்க வளைவு வேலி ஓட்டையிலிருந்து சுமார் 400 மீட்டர். அந்தப் பகுதியில் எக்ஸ்பிரஸ் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும், அதாவது வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல். வளைவில் முகம் தெரிந்ததிலிருந்து ஓட்டைக்கு நேரே வருவதற்குப் பதின்மூன்று வினாடி. இரு தடத்தையும் தாண்டி மறுபக்கம் போக, ஜல்லியில் தடுமாறி நடப்பவருக்கு ஒன்பதிலிருந்து பதினொரு வினாடி. மிச்சம் இரண்டிலிருந்து நான்கு வினாடிதான், அதுவும் எதுவும் மறைக்காதபோது. முன்னால் இன்னொரு ரயிலின் வால் இருந்தால் அந்த மிச்சமும் போச்சு.

எங்களுக்கு மிகவும் உதவிய தகவல் ரயில் பாதையில் கிடைக்கவில்லை, ஆலைக்குள் கிடைத்தது. வெளியே போகும் இடத்தில் இருக்கும் இரண்டு பஞ்சிங் மெஷின்களில் ஒன்று பல மாதங்களாகப் பழுது. ஷிப்ட் முடிந்து வரிசையில் நின்று விரல் வைத்துவிட்டு வர எட்டு, பத்து நிமிடம். இருபதில் பத்து போனால் மீதி பத்து. மேம்பாலம் வழியாகப் போக வேண்டியதோ பதினொரு நிமிடம். சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு நடப்பவர் தினமும் ஒரு நிமிடத்தில் பஸ்ஸை விடுவார், அதற்குப் பரிசாக ஒரு மணி நேரம் காத்திருப்பார். வரிசையில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் மேம்பாலத்தில் போனார்கள், பின்னால் நின்றவர்கள் வேலிக்குப் போனார்கள். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் குறிப்பெடுக்க வந்த பயிற்சி மாணவர்.

கண்ணும் காதும் ஏன் ஏமாறுகின்றன

பயிற்சிக்காகத் திரட்டிய விஷயங்களை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘பார்த்துக் கடந்தால் போதும்’ என்ற நம்பிக்கையை உடைத்தவை இவைதான்.

பெரிய பொருள் வரும்போது அது உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும். லெய்போவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985இல் லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றி எழுதும்போது இதைச் சுட்டிக்காட்டினார். ஓடுதளத்தில் இறங்கும் பெரிய விமானம் மிதந்து வருவது போலவும் சின்ன விமானம் பாய்ந்து வருவது போலவும் தெரிவதும் இந்தக் காரணத்தால்தான். நேருக்கு நேர் வருவதைப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கவாட்டில் போகும் வண்டியின் வேகத்தைக் கண் சட்டென்று பிடித்துவிடும். நம்மை நோக்கி வருவதன் வேகம், அது பெரிதாகத் தெரியும் அளவை வைத்துத்தான் புரியும். எங்கள் இடத்தில் ரயில் 400 மீட்டரிலிருந்து 200க்கு வர ஆறரை வினாடி. அதற்குள் அதன் உருவம் இரட்டிப்பாகும். 200லிருந்து 100க்கு மூன்றேகால் வினாடியில் இன்னொரு இரட்டிப்பு. அடுத்தது ஒன்றரை வினாடியில். ஆக, முதல் பாதி நேரம் முழுக்க ‘தூரத்தில்தான் இருக்கிறது’ என்று தோன்றும், அப்புறம் திடீரென்று எதிரே நிற்கும்.

சத்தத்தை நம்பவும் வழியில்லை. பழைய நாட்களில் தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசை முன்கூட்டியே கேட்கும். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களில் அந்தத் தாளம் இல்லை. மின்சார இன்ஜின் நெருங்கும் சத்தம், அதற்கு முன்னால் நிற்பவருக்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ரயிலின் இரைச்சலில் பெரும்பகுதி பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கிறது. பக்கத்துத் தடத்தில் வேறு ரயில் போய்க்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நிறுத்துவது பற்றி. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது. உராய்வு குறைவு என்பதால்தான் ஓர் இன்ஜின் இவ்வளவு பாரத்தை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால் நிறுத்துவதும் கடினம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் நீளமான சரக்கு ரயில் அவசர பிரேக் போட்டபின் நிற்க ஒன்றரை கிலோமீட்டர் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். எங்கள் நிகழ்வில் ஓட்டுநர் ஆளைப் பார்த்தது சுமார் 150 மீட்டர் முன்னால். பிரேக் பிடித்தும் ஆளைக் கடந்த நேரத்தில் வேகம் பெரிதாகக் குறைந்திருக்காது. ஓட்டுநரால் ஸ்டியரிங்கைத் திருப்பவும் முடியாது. அவரிடம் மிச்சமிருப்பது ஹாரன் மட்டும்.

இன்னொன்று. ரயிலின் அகலம் தண்டவாளத்தோடு முடிவதில்லை. பெட்டியின் உடல் இரு பக்கமும் ஏறக்குறைய முக்கால் மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரக்கைக் கட்டிய கயிறோ தொங்கும் பட்டையோ அதற்கும் வெளியே வரலாம். தடங்களுக்கு நடுவே நின்றுகொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் அங்கே நிற்க இடமே இருக்காது. வேகமாகப் போகும் ரயிலின் காற்று ஆளைத் தள்ளாட வைத்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தண்டிப்பதா வேண்டாமா என்பதில்தான் அதிக நேரம் போனது. தற்காலிகப் பணிநீக்கம் செய்து மற்றவர்களுக்குப் பாடமாக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு தரப்பு சொன்னது. சட்டப்படி உள்ள அபராதம் ஏற்கெனவே விதிக்கப்பட்டுவிட்டது, அதற்கு மேல் ஆலை எதுவும் செய்யக்கூடாது என்பது எங்கள் நிலை. இரக்கத்தால் சொல்லவில்லை. வெளியே வராமல் கிடந்த மற்றச் சம்பவங்கள் பேச்சுவாக்கில் வந்ததே, யாரையும் தண்டிக்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான். ஒருவரை வெளியே அனுப்பியிருந்தால் அடுத்த தப்பித்தல் எங்கள் காதுக்கு வந்திருக்காது. கடைசியில் எங்கள் வாதம் ஏற்கப்பட்டது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1972இல் தொடங்கிய ஆபரேஷன் லைஃப்சேவர் என்ற ரயில் பாதுகாப்பு இயக்கம், கற்பித்தல், சட்ட நடவடிக்கை, இடத்தின் அமைப்பைச் சரிசெய்தல் என்ற மூன்றையும் சேர்த்தே வலியுறுத்துகிறது. நம் சுற்றறிக்கை முதலாவதின் ஒரு மூலையைத்தான் தொட்டது. மூன்றாவதில் தொடங்குவோம் என்று முடிவானது.

பழுதான பஞ்சிங் மெஷினை அதே வாரம் மாற்றினார்கள். மூன்றாவது ஒன்றும் சேர்த்தார்கள். பஸ் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் வரும்வரை ஆலை வேன் ஒன்று முன்வாசலிலிருந்து சாலை வழியாகச் சுற்றிப் பஸ் நிறுத்தம் போய்வந்தது.

வேலியை அடைக்க ரயில்வேக்கு எழுதினோம். இதில் ஓர் இடைச்செருகல். ஆர்வமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர், விடுமுறை நாளில் வெல்டருடன் போய்த் தானே அடைத்துவிடுவதாகச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால், முன் அனுமதியும் ரயில்வேயின் காவலாளும் இல்லாமல், தலைக்கு மேல் உயர் மின்னழுத்தக் கம்பி போகும் இடத்தில் நீளக் குழாயோடு ஆட்களை இறக்குவது முதல் ஆபத்தைவிடப் பெரியது. தடுத்துவிட்டோம். ஓட்டைக்கருகே ‘இருபுறமும் பார்த்துக் கடக்கவும்’ என்று பலகை வைக்கும் யோசனையையும் ஏற்கவில்லை. அப்படி ஒரு பலகை, இது கடக்கும் இடம்தான் என்று அங்கீகாரம் கொடுத்துவிடும்.

பயிற்சியில் கோரமான படங்கள் வேண்டாம் என்று தீர்மானித்தோம். அவற்றைப் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ‘நமக்கு நடக்காது’ என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்வார். அதற்குப் பதிலாக மேம்பாலத்திலிருந்து எடுத்த வீடியோவைப் போட்டோம். ரயில் வளைவில் தெரிந்ததும் நிறுத்தி, இங்கே வர எத்தனை வினாடி ஆகும் என்று கேட்டோம். பெரும்பாலோர் இருபத்தைந்து, முப்பது என்றார்கள். பதின்மூன்றில் ரயில் திரையைக் கடந்தபோது அறையில் பேச்சு நின்றது. பிறகு ஆலை முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு தடத்தின் அகலத்தைக் கோடு போட்டு, ரயில் உடலின் நீட்சியையும் சேர்த்துக் குறித்து, ஆட்களை நடக்கவிட்டோம். கோட்டுக்குள் நிற்பது எவ்வளவு நேரம் என்பதை ஸ்டாப்வாட்சில் அவர்களே பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் வந்து பேசினார். அவர் அறிவுரை சொல்லவில்லை. ஹாரனில் கை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் நகர்வாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாலைந்து வினாடியில் கண்ணை மூடிக்கொண்ட நாட்கள் உண்டு என்று மட்டும் சொன்னார். சாலையில் வண்டியோடு போகிறவர்களுக்கும் ஒரு குறிப்புக் கொடுத்தார்: லெவல் கிராசிங்கில் வண்டி சிக்கிக்கொண்டால் முதலில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும், ரயில் வரும் திசையை நோக்கி, தண்டவாளத்திலிருந்து விலகிச் சாய்வாக ஓட வேண்டும். ரயில் போகும் திசையில் ஓடினால், மோதிச் சிதறும் வண்டிப் பாகங்கள் மேலே விழும். பிறகு அங்கே எழுதியிருக்கும் அவசர எண்ணுக்கோ ரயில்வே கட்டுப்பாட்டு அறைக்கோ சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தது

வேலி அடைபட்டது. மெஷின் வரிசை மூன்று நான்கு நிமிடத்தில் தீர்ந்தது. ஒரு மாதம் கழித்துப் பஸ் நேரமும் ஆறரைக்கு மாறியது. மாலையில் மேம்பாலத்திலிருந்து எண்ணிப் பார்த்தபோது தடத்தைக் கடப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தார்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இரவு ஷிப்டில் எதுவும் மாறவில்லை. இரவில் வேன் ஓடவில்லை. மேம்பாலப் படிக்கட்டில் பாதி விளக்கு எரியாது, பெண்கள் அந்த வழியே போகத் தயங்கினார்கள். இருட்டில் தெருவிளக்கு வெளிச்சம் விழும் தடத்தைக் கடப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. இரவு வேன் தொடங்கிய பிறகே இரவில் தடத்தைக் கடப்பது நின்றது. இரண்டு, சற்றுத் தள்ளி வேறு தூணருகே புதிதாக ஓர் ஓட்டை. அதில் போனவர்களில் பலர் எங்கள் பயிற்சிக்கு வராத ஒப்பந்தத் தொழிலாளர்கள். பஞ்சிங் மெஷின் மாறியதால் அவர்களுக்குப் பயன் இல்லை. அவர்கள் கையெழுத்துப் போடுவது வேறு வாசலில், வேறு நோட்டில்.

இன்னொரு நாள், பழைய பலகை தண்டவாளத்தின் மேலேயே கிடப்பதை மேம்பாலத்திலிருந்து ஒருவர் பார்த்தார். யாருக்குச் சொல்வது என்று யாரிடமும் எண் இல்லை. அருகிலுள்ள நிலையத்துக்கு ஆள் போய் நிலைய அதிகாரியிடம் சொல்லி, அவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, பலகை அகற்றப்பட நாற்பது நிமிடம் ஆனது. நல்லவேளையாக அதற்குள் எந்த ரயிலும் அந்தத் தடத்தில் வரவில்லை.

தப்பியவர் இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிட்டது, தூக்கம்தான் வரவில்லை. ஹாரன் கேட்டால் உடம்பு விறைத்துவிடுகிறது என்றார். மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம், செலவை ஆலை ஏற்றது. இழுத்துக் காப்பாற்றிய பெண்ணுக்குப் பாராட்டு விழா நடத்த நிர்வாகம் விரும்பியது, அவர் மறுத்துவிட்டார். “நானும் கடக்கத்தானே நின்னேன்” என்பது அவர் சொன்ன காரணம். அவரையும் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னது சரியான முடிவு. அவருக்கும் கனவுகள் வந்துகொண்டிருந்தன. காப்பாற்றியவருக்கு எதுவும் ஆகியிருக்காது என்று நினைத்து விட்டுவிடுவது எளிது.

தப்பித்தல்களை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தோம், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி. முதல் மாதங்களில் சீட்டுகள் அதிகமாக வந்தன. பாதுகாப்பு மோசமாகிவிட்டதோ என்று நிர்வாகத்தில் கவலைப்பட்டார்கள். முன்பு வாயோடு போனவை இப்போது தாளுக்கு வருகின்றன என்பதை விளக்க வேண்டியிருந்தது.

இதே போன்ற இடத்தில் மறுபடி செய்வதானால்

எண்ணிப் பார்ப்பதை எல்லா ஷிப்டுக்கும் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும். மாலைக் கூட்டம் கண்ணில் படும், இரவில் போகும் பத்துப் பேர் படமாட்டார்கள். ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல். ஆலையின் ஆள், ஒப்பந்த ஆள் என்ற பிரிவு தண்டவாளத்துக்குத் தெரியாது. பயிற்சிப் பட்டியலை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல், பின்வாசலில் போகிறவர்களைப் பார்த்துத் தயாரிக்க வேண்டும்.

ரயில்வே கட்டுப்பாட்டு அறையின் எண்ணை முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். இப்போது அது அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது. அருகே, மேம்பாலத்தின் அடையாள எண்ணும் உண்டு. ‘ஆலைக்குப் பின்னால்’ என்று சொன்னால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எந்த இடம் என்று புரியாது.

வேலி அடைப்பதும் மாற்று வழி திறப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் வேலி அடைபட்டு மூன்று வாரம் கழித்துத்தான் பஸ் நேரம் மாறியது. புதிய ஓட்டை விழுந்தது அந்த இடைவெளியில்தான். அதை அடைக்க மறுபடி எழுதியிருக்கிறோம். அதே கடிதத்தில் மேம்பால விளக்குகளையும் கேட்டோம். ரயில்வே பொறியாளர் வந்து பார்த்து, படிக்கட்டில் புதிய விளக்குத் தூண்களுக்கு இடம் குறித்துப் போயிருக்கிறார். அவை எரியத் தொடங்கும்வரை இரவு வேனை நிறுத்துவதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்கிறது.